முடிவெடுக்காத மந்திரவாதி

உயிர்களை நீரில் வாழ்வன, நிலத்தில் வாழ்வன, இரண்டிலும் வாழ்வன என்று பிரித்து வைத்த பெரியவர்கள் ஓர் இனத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். நீரா நிலமா என்று இன்னும் முடிவு செய்யாமல் கரையிலேயே நின்றுகொண்டிருக்கும் இனம் அது. நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஆராய்ச்சிக்காரர். கெட்டவர் இல்லை. கடிக்க மாட்டார். கடிப்பதென்றால் எங்கே கடிப்பது என்று முடிவு செய்ய வேண்டுமே!

நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். பெயின்ட் கடையில் வெள்ளை நிறத்தின் அத்தனை வகைகளையும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, பிறகு நிழலுக்கு எடுத்துப் போய், பிறகு கடைக்காரரின் சட்டையோடு ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று போகிறவர் இவர்தான். ஆனால் இந்த இனத்தை முழு அழகோடு காண வேண்டுமானால், மாயக்கதை விளையாட்டு நடக்கும் மேசைக்கு வர வேண்டும்.

அந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சிலர் மேசையைச் சுற்றி உட்கார்வோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "குகைக்குள் போகிறேன்" என்று நாம் சொன்னால், உள்ளே என்ன காத்திருக்கிறது என்று அவர் சொல்வார். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். அரக்கர்களை வென்று அனுபவம் சேரச் சேரப் பாத்திரம் லெவல் ஏறும். ஏறும்போதெல்லாம் விதிப் புத்தகத்தில் உள்ள சக்திகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று. அந்த 'ஒன்றே ஒன்று'தான் நம்மவருக்கு எமன்.

நான் சொல்லப்போகும் ஆராய்ச்சிக்காரர் என் அக்காவின் கணவர். ஆகவே அவரைப் பற்றிக் கூட்டிச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. குறைத்துத்தான் சொல்கிறேன்.

அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதனையும் அவரே செய்வார். வருகிறவரை இருட்டறையில் உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைச் செருகி, உருவி, இன்னொன்றைச் செருகி, இது தெளிவா அது தெளிவா என்று நாள் முழுவதும் கேட்பதுதான் வேலை. எதிரில் இருப்பவர் சற்றுத் தயங்கினால், "யோசிக்காதீங்க, சட்டுனு தோணுறதச் சொல்லுங்க" என்பார். நான் என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு வெளியே ஓடிப்போய்ச் சிரித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பல் டாக்டரின் கிளினிக் நோயாளிகளுக்கு மூடியிருக்கும், எங்களுக்குத் திறந்திருக்கும். சொத்தைப் பல்லின் குறுக்குவெட்டுப் படம் மாட்டிய காத்திருப்பு அறையில்தான் எங்கள் ராஜ்யம். டாக்டர்தான் கதையை நடத்துவார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பதிலை எதிர்பாராமல் பேசிப் பழகிய பெண்மணி. கதைக்குப் பஞ்சமே இருக்காது. அடுத்தவர் லிஃப்ட் மெக்கானிக். நிலைப்படிக்கு நிலைப்படி தலை குனியும் உயரம். விளையாட்டில் கோடரி ஏந்திய குள்ள வீரன். இரண்டு வருஷமாக அந்தக் குள்ளனை அவர் பிள்ளை போல வளர்த்திருந்தார். அவனுக்குப் பின்னல் போட்ட தாடி உண்டு, பேய்க்குப் பயம் உண்டு, மலைக்கு அப்பால் அவன் வரவை எதிர்பார்த்திருக்கும் ஒரு வயதான கழுதை உண்டு. கட்டைவிரல் உயரத்தில் அவனுக்கு ஒரு பொம்மையும் செய்து, தன் கையாலேயே வண்ணம் பூசியிருந்தார். நான் திருடன். விளையாட்டில் மட்டும். அத்தான் மந்திரவாதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுப்பு நிலத்து ராட்சசனை ஒருவழியாக வீழ்த்தினோம். எல்லாருக்கும் லெவல் ஏறியது. மெக்கானிக் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "அடி பலமா விழணும். அப்படி எதாவது இருந்தா போட்டுக்குங்க டாக்டர்" என்றார். முடிந்தது. நான் பூட்டுத் திறக்கும் சக்தியை எடுத்தேன். அத்தான் மட்டும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு வாரம் அவகாசம் கேட்டார்.

அந்த ஒரு வாரத்தில் என்ன நடக்கும் என்கிறீர்களா? முதலில் காதல். நெருப்புக் கோளம்தான் தன் வாழ்க்கை என்று திங்கட்கிழமை காலையில் எல்லாரிடமும் அறிவிப்பார். மதியத்துக்குள் அந்தக் காதலில் ஓர் 'ஆனா' முளைக்கும். ஆனா, நெருப்புக்கு அஞ்சாத பூதம் வந்தால்? ஆகவே பறக்கும் சக்தி. ஆனா, தாழ்வான குகைக்குள் பறந்தால் தலை இடிக்குமே? ஆகவே பனிச்சுவர். ஆனா, சுவருக்கு இந்தப் பக்கமே எதிரி இருந்துவிட்டால்? இதற்கெல்லாம் மேலே, அவர் எடுப்பது இன்றைய சண்டைக்கான சக்தியே இல்லை. இருபதாவது லெவலில் மந்திரவாதிகளுக்குக் கிடைக்கும் சாகாவரத்துக்கு எந்த வழியாகப் போனால் தோது என்று, ஐந்தாவது லெவலில் நின்றுகொண்டு பாதை போடுவார். பெண் பார்க்கப் போகும் முன்பே பேரனுக்குப் பள்ளிக்கூடம் தேடுகிற புத்தி.

இந்த ஆராய்ச்சியைத் தனியாகச் செய்தால் பரவாயில்லை. ஊரைக் கூட்டித்தான் செய்வார். மெக்கானிக்குக்குப் போன் போட்டால், அவர் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டிருப்பார். அதைச் சொல்லவும் சொல்வார். "அப்ப பறக்குறதுதான் உபயோகம்னு சொல்றீங்க" என்று அத்தான் அதையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வார். கடைக்குக் கண் காட்ட வந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரிடம், வில்லையை மாற்றியபடியே, இது தெளிவா இல்லை பனிச்சுவர் நல்லதா என்று கேட்டுவிட்டாராம். பெரியவர் நிதானமாக, பனிச்சுவர் எந்தக் கண்ணுக்கு என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

என் அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக்கா ஆக்ஸிலேட்டரா என்று நடுரோட்டில் யோசிப்பவர்களின் பக்கத்தில் பகலெல்லாம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒருவர். எதையாவது எடுத்துத் தொலையுங்கள், பிடிக்காவிட்டால் அடுத்த லெவலில் வேறு எடுங்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். எடுத்த பிறகு அது எடுத்ததுதானே என்றார் அத்தான். அவர் பயமே அதுதான். எடுக்காதவரை எல்லாச் சக்திகளும் அவருடையவை; ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் போய்விடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முடிவெடுக்காமலேயே வந்தார். டாக்டருக்கு இளகிய மனசு. ஆட்டத்தின் நடுவில் எப்போது வேண்டுமானாலும் சக்தியின் பெயரைச் சொல்லலாம், சொன்ன கணமே அது கைக்கு வரும் என்று சலுகை கொடுத்தார். வினையே அந்தச் சலுகையில்தான் இருந்தது.

அன்று எங்கள் பாதை ஒரு பள்ளத்தாக்கின் மேல் கட்டிய கயிற்றுப் பாலத்தில் போனது. நானும் மந்திரவாதியும் கடந்துவிட்டோம். குள்ளன் எங்களுக்குக் காவலாகக் கடைசியில் வந்துகொண்டிருந்தான். இரும்பு மூக்குப் பறவை ஒன்று மேகத்திலிருந்து இறங்கிக் கயிற்றைக் கொத்தியது. பாலம் ஒரு பக்கம் சரிந்து, குள்ளன் ஒற்றைக் கையில் தொங்கினான். டாக்டர் அத்தானைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அத்தானைப் பார்த்தோம்.

வேடிக்கை என்னவென்றால், அவர் ஆராய்ச்சியில் இருந்த மூன்றில் எதை எடுத்திருந்தாலும் குள்ளன் பிழைத்திருப்பான். நெருப்பு பறவையைப் பொசுக்கியிருக்கும். பறந்துபோய்த் தூக்கி வந்திருக்கலாம். பனிச்சுவரை அவன் காலடியில் எழுப்பியிருக்கலாம். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

"ஒரு நிமிஷம்" என்றார் அத்தான்.

மெக்கானிக் பகடையை உருட்டினார். குள்ளனின் பிடி தாங்கியது. அத்தான் புத்தகத்தில் பக்கங்களைத் தள்ளினார். நெருப்பு என்று வாயெடுத்தார். கயிறும் சேர்ந்து எரிந்துவிட்டால் என்று விழுங்கிக்கொண்டார். மெக்கானிக் மறுபடி உருட்டினார். மறுபடியும் தாங்கியது. பறப்பது என்று ஆரம்பித்தவர், இரண்டு பேர் பாரத்தோடு பறக்க முடியுமா என்று அடிக்குறிப்பைத் தேடினார். மெக்கானிக் இன்னொரு முறை உருட்டினார். பகடை மேசை ஓரத்தில் போய், ஒன்று என்ற எண்ணைக் காட்டி நின்றது.

"கயிறு அறுந்துடுச்சு" என்றார் டாக்டர், பல்லைப் பிடுங்கிய பிறகு பேசும் அதே மெல்லிய குரலில்.

மெக்கானிக் சத்தம் போடவில்லை. பொம்மையை எடுத்து, தாடியில் ஒட்டியிருந்த தூசியை ஊதிவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பரவாயில்லண்ணே. விளையாட்டுதான" என்று சொல்லிவிட்டு, நிலைப்படியில் குனிந்து வெளியேறினார். விளையாட்டுதானே என்று வளர்ந்த மனிதர் ஒருவர் சொன்னால், அது விளையாட்டாக இல்லை என்று அர்த்தம்.

அந்த வாரம் அத்தானின் போனை மெக்கானிக் எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று மட்டும் ஒரு செய்தி வந்தது. அத்தான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடிக் கடையில் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஒருநாள் அக்கா பொறுமை இழந்தாள். நேரில் போய்ப் பாருங்கள் என்றவள், இன்றைக்கா நாளைக்கா என்று என்னிடம் கேட்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொன்னாள். வழியில் மனசு மாறிவிடக் கூடாது என்று என்னையும் கூடவே அனுப்பிவைத்தாள்.

ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், லிஃப்ட் கதவைக் கட்டையால் முட்டுக்கொடுத்துவிட்டு, குழிக்குள் நின்று மெக்கானிக் ஏதோ திருகிக்கொண்டிருந்தார். அந்தக் குழிக்குள் நின்றதால், முதல் முறையாக அவர் எங்களைவிடக் குள்ளமாகத் தெரிந்தார். அத்தான் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"சக்தி எடுத்துட்டேன்" என்றார்.

"பறக்குறதா?" மெக்கானிக் நிமிரவில்லை.

"செத்தவங்கள எழுப்புறது."

மெக்கானிக்கின் கை நின்றது. எத்தனையோ போன் அழைப்புகளில் கேட்டுக் கேட்டு, புத்தகத்தைத் திறக்காமலேயே புத்தகம் முழுக்க அவருக்கு மனப்பாடம். "அத எடுத்தா உங்க வழியே அடைஞ்சு போயிடுமேண்ணே. சாகாவரம் வராது. அதுக்குத்தான இத்தனை நாளா பாத்துப் பாத்து வந்தீங்க."

"வராது."

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

அத்தான் வாயைத் திறந்தார். மறுபடியும் ஓர் 'ஆனா' வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது இது: "நீங்க முன்னாடி நிக்கலன்னா, நான் மட்டும் சாகாம இருந்து யார்கிட்ட பேசுறது?"

மெக்கானிக் பக்கத்தில் இருந்த டப்பாவைக் காட்டி, ஒரு ஸ்பேனரை எடுத்துத் தரச் சொன்னார். எந்த அளவு என்று சொல்லவில்லை. டப்பாவில் ஒரு குடும்பமே கிடந்தது. அத்தான் உள்ளே பார்க்காமல் கையை விட்டு, அகப்பட்டதை எடுத்து நீட்டினார். அது சேராத அளவு. மெக்கானிக் அதை வாங்கி, சேராது என்று தெரிந்தும், கொஞ்ச நேரம் அதையே வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சொத்தைப் பல் படத்தின் கீழே பொம்மை மறுபடி மேசைக்கு வந்தது. மந்திரவாதி பள்ளத்தாக்கில் இறங்கி மந்திரத்தைச் சொன்னான். டாக்டர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இறந்தவன் சம்மதித்தால்தான் உயிர் திரும்பும் என்பது விதி என்றார். பிறகு மெக்கானிக்கின் பக்கம் திரும்பி, பூமிக்குத் திரும்பி வர விருப்பமா என்று முறைப்படி கேட்டார்.

மெக்கானிக் தாடையைத் தடவினார். கூரையைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். யோசிக்கணும்."

அத்தானின் முகம் போன போக்கை நான் எழுதினால் அக்கா கோபித்துக்கொள்வாள். டாக்டர் சிரித்த சிரிப்பில் பகடைகள் உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டன. தேடி எடுத்து முடிப்பதற்குள் குள்ளன் உயிரோடு எழுந்து, கழுதை எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

அத்தான் திருந்திவிட்டாரா? இனம் திருந்துமா? போன மாதம் ஆறாவது லெவல் வந்தது. அவர் அவகாசம் கேட்டார். கொடுத்தோம். ஆனால் இப்போது மெக்கானிக்கே வலியப் போன் செய்து, மின்னல் எடுக்கலாமா, காற்று எடுக்கலாமா என்று அவரோடு சேர்ந்து குழம்புகிறார். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறதோ, அதில் யார் காத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள்; மகிழ்ச்சி. உங்களுக்கு இந்த வியாதி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நேற்று ஓய்வாகப் படம் பார்க்கலாம் என்று சோபாவில் சாய்ந்து, ரிமோட்டைக் கையில் எடுத்து, சிரிப்புப் படமா, பேய்ப் படமா, பார்த்த படமா, பாராத படமா என்று ஒவ்வொன்றின் முன்னோட்டத்தையும் தள்ளித் தள்ளிப் போனீர்களே, கடைசியில் எந்தப் படம் பார்த்தீர்கள்? தூங்கிவிட்டீர்களா? அப்படியானால் அந்த முடிவையும் நீங்கள் எடுக்கவில்லை. தூக்கம்தான் எடுத்தது.