இரண்டு கோப்பை மான்கறி

எட்மண்டன், லண்டன்
11 நவம்பர் 2009

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

ஆரணி எழுதுகிறேன். சுகம் விசாரிப்பதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மரியாதைகளுக்கு நடுவில் அது தொலைந்துபோகும். நான் சொல்லாமல் விட்டது இதுதான்: நீலக் கோப்பையில் இருந்ததும் வெள்ளைக் கோப்பையில் இருந்ததும் ஒரே கறி.

இனி முறைப்படி. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். ரொறன்ரோவில் குளிர் தொடங்கியிருக்கும், மாமியின் முழங்காலுக்கு அது ஆகாதே என்று அம்மா கவலைப்படுகிறார். நீங்கள் எனக்காகப் பேசிக்கொண்டுவந்த சம்பந்தம் சரிவராது என்று உங்களுக்கு எழுதும்படி அப்பா சொல்லியிருக்கிறார். தண்ணீர்க் கம்பனிக்கு வரும் முறைப்பாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. ஆகவே ஒருவருக்கும் நோகாமல் மறுப்பதற்கு இந்த வீட்டில் என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்பது அவருடைய எண்ணம். மறுக்கப்படுவது என்னுடைய கலியாணம் என்பது அவருக்கு ஒரு இடைஞ்சலாகத் தோன்றவில்லை.

கோபிக்க வேண்டாம் மாமா, தொடக்கம் உங்களிடம்தான். டென்மார்க்கில் இருபது வருடம் இருந்துவிட்டு இப்போது குரோய்டனில் குடியேறியிருக்கும் சிவானந்தன் குடும்பத்தைப் பற்றி நீங்கள் அப்பாவுக்குத் தொலைபேசிக் கோல் எடுத்துச் சொன்னீர்கள். மாப்பிள்ளை தர்சிகனின் படிப்பு, குணம், உயரம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியில் நல்லெண்ணத்தோடு, "தகப்பனும் உங்களை மாதிரி மான் வேட்டைக்காரன்தான், நல்லா ஒத்துப்போகும்" என்றீர்கள். அங்கேயும் அதையே சொன்னீர்கள். எவர் எந்த ஆயுதத்தால் வேட்டையாடுகிறார் என்று மட்டும் இரண்டு பக்கமும் சொல்லவில்லை.

அப்பா வேட்டைக்காரர் ஆனது ஒரே ஒரு நாளில். அவர் யன்னல் போட்டுக்கொடுத்த வீட்டுக்காரர் ஒருவர், வேலை பிடித்துப்போய், அவரை ஸ்கொட்லாந்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மலைச்சரிவில், ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, தொலைநோக்கி பூட்டிய ரைபிளால் அப்பா ஒரு மானைச் சுட்டார். (துவக்கு என்ற சொல்லை, ஊரில் யுத்தம் முடிந்த இந்த வருடம், எங்கள் வீடுகளில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அப்பாவும் ரைபிள் என்றுதான் சொல்கிறார்.) சுட்ட தூரம், அவர் திரும்பி வந்த புதிதில் நூற்றைம்பது மீற்றராக இருந்தது. அடுத்த தீபாவளிக்கு இருநூற்றைம்பது ஆனது. இந்த ஞாயிற்றுக்கிழமை நானூறு. இறந்த பிறகும் அந்த மான் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. பங்காகக் கிடைத்த இறைச்சியில் ஒரு பொதி இரண்டு வருடமாக எங்கள் பிறீசரின் அடித்தட்டில் கிடந்தது. விருந்தாளிகள் வந்தால் அப்பா அதைத் திறந்து காட்டுவார், சமைக்க விடமாட்டார்.

சிவானந்தன் அங்கிள் வில்லுக்காரர். டெனிஷ் மொழியில் பரீட்சை எழுதி, அம்பு குறிவைத்துக் காட்டி, அனுமதி எடுத்தவர். மரத்தில் கட்டிய ஒரு பலகையில் ஏறி விடியலிலிருந்து அசையாமல் இருக்கவேண்டுமாம். மான் இருபது மீற்றருக்குள் வரவேண்டும், வரும்போது காற்று அதன் பக்கம் வீசக்கூடாது. மானுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது என்பது அவருடைய சித்தாந்தம். வேட்டை மாதம் முழுவதும் அவர் வீட்டில் வெங்காயம் தாளிக்கத் தடை. அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி அன்ரி அந்த மாதத்தில் அவித்த உருளைக்கிழங்கும் பாணும்தான் கொடுப்பாராம். ஒரு தடவை வெந்தயக் குழம்பு வைத்த நாளில் அவருடைய ஜக்கெற் சமையலறைக் கதவில் தொங்கியிருந்தது. அந்த வருடம் ஒரு மானும் கிட்ட வரவில்லை. அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்ட இருவர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு முன்பே தொலைபேசியில் மோதிக்கொண்டார்கள். தூர இருந்து சுட்டால் மானுக்குச் சத்தம் கேட்பதற்கு முன் உயிர் போய்விடும், பயம் இல்லை, ஆகவே இறைச்சி மெது என்றார் அப்பா. அம்பில் ஈயம் இல்லை, வெடி இல்லை, காடு கலவரப்படாது, ஆகவே இறைச்சி சுத்தம் என்றார் அங்கிள். கடைசியில் இரண்டு இறைச்சியையும் ஒரே கறித்தூளில் சமைத்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுப் பார்த்தே தீர்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை ஒரு குளிர்ப்பெட்டியில் டென்மார்க் மான் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. பொம்பிளை பார்க்க வருவதற்கு முன் இறைச்சி அனுப்பிவைத்த மாப்பிள்ளை வீட்டாரை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "நல்ல காரியத்துக்கு ஆக்கள் வாற நேரம் ஆரும் மச்ச மாமிசம் சமைப்பினமே? வடையும் கேக்கும் வைச்சு அனுப்புற இடத்திலை!"

"கமலா, இது சாப்பாடு இல்லை. இது பரிசோதனை" என்றார் அப்பா.

ஞாயிறு மத்தியானம் நான் சமையலறைக்குப் போனபோது அடுப்பில் ஒரே ஒரு பெரிய சட்டி இருந்தது. பக்கத்தில் இரண்டு கோப்பை. நான் அம்மாவைப் பார்த்தேன்.

"என்ன பாக்கிறாய்? இரண்டும் மான்தானே. உயிரோடை இருக்கேக்கை அதுகள் சண்டை பிடிச்சதே? நீலத்திலை கொப்பான்ரை, வெள்ளையிலை அவையின்ரை. கொண்டுபோய் வை."

நான் கொண்டுபோய் வைத்தேன். தேத்தண்ணித் தட்டத்தோடு தலைகுனிந்து வருவதற்குப் பதிலாக மான்கறியோடு நிமிர்ந்து வந்த என்னை ஒருவரும் பார்க்கவில்லை. நான்கு கண்கள் கோப்பைகளில் இருந்தன. தர்சிகன் மட்டும் எழுந்து, மேசையில் இடம் ஒதுக்கித் தந்தார்.

அப்பா நீலத்தில் தொடங்கினார். "பாருங்கோ அண்ணை, பஞ்சு மாதிரி. ஒரு பயமும் இல்லாமல் செத்த மான்."

அங்கிள் வெள்ளையில் ஒரு துண்டு எடுத்துக் கண்ணை மூடினார். "இதிலை காடு மணக்குது, குகதாசன்."

பிறகு கோப்பை மாறியது. வெள்ளை நார்நாராக இருக்கிறது, மான் பயந்து ஓடியிருக்கிறது என்றார் அப்பா. நீலத்தில் ஈயக் கசப்பு நாக்கில் நிற்கிறது என்றார் அங்கிள். ஜெகதீஸ்வரி அன்ரி இரண்டிலும் கொஞ்சம் எடுத்து, "இரண்டிலையும் உப்புக் காணாது" என்றார். அதுவரை அந்த மேசையில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அது. தர்சிகன் இரண்டிலும் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார். எது நல்லது என்று கேட்டதற்கு, "இரண்டும் ஒரே மாதிரி நல்லாயிருக்கு" என்றார். இரண்டு தகப்பன்மாரும் அவரைப் பரிதாபத்தோடு பார்த்தார்கள்.

அன்ரி எங்கள் இருவரையும் பேசிப் பார்க்கும்படி பின்பக்கம் அனுப்பினார். அங்கே அப்பாவின் யன்னல் சட்டங்களுக்கு நடுவே குளிரில் நின்றோம். எனக்கு ஒன்றும் தோன்றாததால், நீங்கள் எத்தனை மான் அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை. ஒருக்கா நல்லாக் கிட்ட வந்தது."

"பிறகு?"

"அது சாப்பிட்டுக்கொண்டு நிண்டது. முடிக்கட்டும் எண்டு இருந்தன். முடிச்சிட்டுப் போயிட்டுது."

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டவற்றில் இது இரண்டாவது. உள்ளே சத்தம் கூடிக்கொண்டிருந்தது.

"ஒளிச்சிருந்து அடிக்கிறது ஒரு வீரமே, அண்ணை?"

"அப்ப அங்காலை மலையிலை படுத்துக்கிடந்து சுடுறது வீரமே? மானுக்கு உங்கடை முகமே தெரியாது."

"மானுக்கு என்ரை முகம் ஏன் தெரியவேணும்? மானோடை என்ன சம்பந்தமே பேசப் போறன்?"

"கிட்டப் போய்ப் பாக்கிற ஆக்கள் நாங்கள். அதுதான் போட்டோவைப் பாத்து முடிக்காமல் நேரை வந்தனாங்கள்."

"இந்த நாட்டிலை அம்பாலை மான் அடிக்கிறது சட்டப்படி குற்றம், மிஸ்டர் சிவானந்தன்."

அண்ணை மிஸ்டர் ஆனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. கேக் வெட்டப்படவில்லை. குளிர்ப்பெட்டியையும் மறந்துவிட்டு அவர்கள் போனார்கள். தர்சிகன் மட்டும் வாசலில் நின்று அம்மாவிடம், "சாப்பாட்டுக்கு நன்றி அன்ரி" என்றார். அப்பா கதவைச் சாத்திவிட்டு, அம்புக்காரன் வீட்டுக்குப் பெண் கொடுக்க ஏலாது என்று அறிவித்தார்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அப்பாவுக்கும் அங்கிளுக்கும் வேண்டியது ஒன்றுதான்: மான் தங்களைக் காணக்கூடாது. அதற்கு ஒருவர் தூரத்தைப் பிடித்துக்கொள்கிறார், மற்றவர் அசையாமையை. தூர நிற்பவர் தன் கருவியை நம்பவேண்டும். கிட்ட நிற்பவர் தன்னையே நம்பவேண்டும், அதோடு மூன்று நாளைக்கு முந்திய குழம்புக்கும் பயப்படவேண்டும். இரண்டில் எது மேல் என்று தீர்மானிக்கும் தகுதி எனக்கில்லை. ஒரு மான் வந்து சொன்னால் உண்டு. ஆனால் ரொறன்ரோவில் இருந்தபடி என்னைக் குறிபார்த்த நீங்களும், பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு யன்னல் சீலையை நீக்கி யார் வந்து போகிறார்கள் என்று பார்க்கும் இம்மாகுலேற் அன்ரியும் இந்த விஷயத்தில் என்னைவிடக் கூடுதலாகப் பேசக்கூடியவர்கள்.

ஆகவே மாமா, அப்பா கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன்: இந்தச் சம்பந்தத்தை இத்தோடு விட்டுவிடுங்கள். அவர்கள் நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை, இரு பக்கத்துக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். எனக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை இருக்கிறது, படிக்கப் புத்தகங்கள் இருக்கின்றன, வெட்டாத ஒரு பட்டர் கேக்கும் இருக்கிறது.

மாமிக்கு முழங்காலைச் சூடாக வைத்திருக்கச் சொல்லவும். மச்சான்மாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய அன்பும். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் முருகன் கிட்டவிருந்தோ தூரவிருந்தோ பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மருமகள்
ஆரணி

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை என்பதால் இதை எழுத இடம் கிடைத்தது. இன்று சனிக்கிழமை. காலையில் தர்சிகன் குளிர்ப்பெட்டியை எடுக்க வந்தார். வாசலில் நின்று அம்மாவிடம் மெல்ல, "அன்ரி, ஆட்டிறைச்சி நல்லாயிருந்தது" என்றார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் மான் பொதியைத் திறந்ததும் நாற்றம் வந்ததால் அதை எறிந்துவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டு மானை மட்டும் சமைத்தால் அப்பாவுக்கு மரியாதை இல்லை என்று, கடையில் ஆடு வாங்கிச் சமைத்துவிட்டு, எனக்கும் பொய் சொல்லியிருக்கிறார். டென்மார்க் மான் இன்னும் எங்கள் பிறீசரில் இருக்கிறது. மேலே நான் எழுதிய முதலாவது உண்மை உண்மைதான், அதில் மான் மட்டும் இல்லை.

எப்போது தெரிந்தது என்று தர்சிகனைக் கேட்டேன். இரண்டாவது வாயிலேயே என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவை" என்றார். அப்போதுதான், ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் விட்ட இரண்டாவதை அவரிடம் சொன்னேன். அது இந்தக் கடிதத்துக்கு உரியதல்ல.

மத்தியானம் அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நானூறு மீற்றருக்கு அங்காலை நிண்ட மான் ஆடு எண்டு சிவானந்தன் வீட்டாருக்கு நான் கோல் எடுத்துச் சொல்லட்டோ, இல்லை நீங்கள் எடுத்து வேறை ஏதும் பேசிறியளோ?" அப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவி, தொலைபேசியை எடுத்தார். "அண்ணை," என்று தொடங்கினார், "யோசிச்சுப் பாத்தன், கிட்ட நிண்டு அடிக்கிறதிலையும் ஒரு நியாயம் இருக்கு."

தை பிறந்து இரண்டாம் சனிக்கிழமை குரோய்டனில் எங்கள் கலியாண எழுத்து என்று அந்தக் கோலிலேயே முடிவாயிற்று. சாப்பாடு மரக்கறி.