தேங்காயெண்ணெயில் மலையேறிய பிக்கப்

புது மாப்பிள்ளை சொல்வதை மாமனார் வீட்டில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். கொங்கு நாட்டு மரியாதைகளில் ஆபத்தானது இது ஒன்றுதான். வேறு இடங்களில் முட்டாள்தனமாக எதையாவது சொன்னால் யாராவது சிரிப்பார்கள், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மாமனார் வீட்டில் அதைச் செய்துவிடுவார்கள்.

என் மாமனாருக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம் தென்னந்தோப்பு. காய் ஏற்ற ஒரு டீசல் பிக்கப் வண்டி உண்டு. நான் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். மற்றவர்கள் எழுதியதைத் திருத்தி, பக்கத்துக்குள் அடங்கும்படி வெட்டுவது வேலை. அதனால் உலகத்தின் எல்லா விஷயத்திலும் எனக்கு அரைப்பக்க அளவு அறிவு இருந்தது. (எதிலும் அரைப்பக்கத்துக்கு மேல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

கல்யாணமான முதல் வருடம் அது. காய்க்கு விலை இல்லையென்று மாமனார் எல்லாவற்றையும் ஆட்டி எண்ணெயாக்கி, தகர டின்களில் அடைத்து வீடு நிறைய அடுக்கியிருந்தார். அந்த வாரம் ஞாயிறு இணைப்புக்காக நான் ஒரு துணுக்கைத் திருத்தியிருந்தேன். எங்கோ ஒரு கடல் தீவில் டீசலுக்குப் பதில் தேங்காயெண்ணெய் ஊற்றி வண்டி ஓட்டுகிறார்களாம். விருந்துச் சாப்பாட்டில் நான் வாயைத் திறந்தேன்.

“மாமா, டீசல்ல கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து பாருங்க. வழுவழுன்னு இருக்கறதால எஞ்சின் தேயவே தேயாதுங்க. மைலேஜும் கூடுமுங்க.”

மாமனார் ரசத்தைக் குடித்து முடித்தார். “பாக்கலாமுங்க மாப்ள.”

எங்கள் பக்கம் ‘பாக்கலாமுங்க’ என்றால் முடியாது என்று பொருள். இதே மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? ஆனால் மாப்பிள்ளை முறுக்கு ஏறியதும் தாய்மொழி கொஞ்சம் மறந்துபோகிறது. போகும்போதெல்லாம் கேட்டேன். கடைசியில் மச்சினன் கார்த்தி ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வண்டியிடம் போனான். “மாமா சொல்லீட்டாருங்கப்பா” என்று அவன் அப்பாவிடம் சொன்னது, டாக்டர் கையை விரித்துவிட்டார் என்பதுபோல ஒலித்தது.

வண்டி ஓடியது. ஓடாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்போம். புகையில் வாழைக்காய் பஜ்ஜி வாசம் வந்தது. சந்தையில் வண்டி நுழைந்தால் ஆட்கள் பஜ்ஜிக் கடையைத் தேடித் திரும்பினார்கள்.

“மைலேஜ் எப்படி கார்த்தி?”

“வாசம் நல்லா இருக்குதுங்க மாமா.”

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் கார்த்திக்குப் பெண் அமைந்தது. தோட்டம் பார்க்கிற பையன் என்றாலே ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிற காலம் இது. அவனுக்காக வருடக்கணக்கில் அலைந்திருந்தார்கள். கூடிவந்த இரண்டு இடங்களையும் மாமனாரின் அக்கா, எங்கள் பெரியத்தை, சகுனம் பார்த்தே கலைத்திருந்தார். ஒன்று, பூனை குறுக்கே போனதால். இன்னொன்று, உடைத்த தேங்காய் அழுகியிருந்ததால். கடைசியில் கோத்தகிரியில் காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் கௌசல்யா, “தோட்டம்னா என்னுங்க, எனக்குச் சரிதான்” என்றாள். தை பிறந்ததும் பெண் வீட்டில் நிச்சயம். இதுவும் தவறினால் இனி பார்க்கப்போவதில்லை என்று கார்த்தி சொல்லிவிட்டான்.

சீர்த்தட்டுகளும் வாழைத்தார்களும் பிக்கப்பில். “மலையேற வலு வேணும். பாதிக்குப் பாதி ஊத்து கார்த்தி” என்றேன். ஊற்றினான்.

நிச்சயத்துக்கு முந்தைய நாள் மாலையே கோத்தகிரி போய் ஒரு விடுதியில் தங்கினோம். வண்டி வெளியே பனியில் நின்றது. காலையில் தலைக்குத் தேய்க்கத் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளைவெளேரென்று உறைந்திருந்தது. சுடுதண்ணீர் வாளிக்குள் பாட்டிலை நிறுத்தி, உருக்கி, தேய்த்து, வகிடெடுத்துச் சீவிக்கொண்டேன். பத்திரிகைக்காரனின் கூர்ந்த கவனிப்பு அன்று அதோடு சரி.

பிக்கப் நீண்ட நேரம் இருமிவிட்டுத்தான் கிளம்பியது. பட்டு வேட்டியில் கார்த்தி ஓட்டினான், பக்கத்தில் நான். பெண் வீடு கண்ணுக்குத் தெரிகிற மேட்டில், முக்கி முனகி, நின்றேபோனது. முன்னால் ஒரு வேனில் போன மாமனார் வீட்டார் எல்லோரும் இறங்கிவந்தார்கள். கார்த்தி பானெட்டைத் திறந்து டீசல் ஃபில்டரைக் கழற்றினான். உள்ளே அதே வெள்ளை. கெட்டியாக, வெண்ணெய்போல.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் மரியாதை.

“இங்க பனி கொஞ்சம் ஜாஸ்திங்க” என்றார் மாமனார், மலையைப் பார்த்து.

பெரியத்தை மட்டும் வானத்தைப் பார்த்தார். “சீர் வண்டி நடுவழியில நின்னா…” என்று ஆரம்பித்தார்.

அதற்குள் மேட்டு வீட்டிலிருந்து ஒரு கூட்டம் இறங்கிவந்தது. முன்னால் கௌசல்யா, பாதி பூ வைத்த தலையோடு. கார்த்தி கையிலிருந்த ஃபில்டரை எட்டிப் பார்த்தாள்.

“இது என்னுங்க, தலைக்குத் தேய்க்கறதாட்ட இருக்குது?”

“வண்டிக்குங்க” என்றான் கார்த்தி.

“ஏனுங்க, வண்டிக்குத் தலைவலிங்களா?”

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குனிந்துகொண்டான். டீசலில் தேங்காயெண்ணெய் கலந்த விஷயம் புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பூச்சரமே கீழே விழுந்தது. பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “அப்பா, சுடுதண்ணி அண்டாவ எறக்கியாரச் சொல்லுங்க!”

வந்தவர்கள் கைகால் கழுவக் காய்ச்சிய தண்ணீர் டீசல் குழாய், ஃபில்டர், டேங்க் எல்லாவற்றின் மேலும், உள்ளே உறைந்தது உருகும்வரை ஊற்றப்பட்டது. பெரியத்தை விட்ட இடத்தில் மறுபடி தொடங்கினார். “இருந்தாலும் சகுனம்னு ஒண்ணு…”

“அத்தை, நல்ல காரியத்துக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டுத்தானுங்க வரோணும்?” என்றாள் கௌசல்யா. “உங்க வண்டியும் எண்ணெய் தேச்சுச் சுடுதண்ணி ஊத்திட்டு வருது. இதவிட என்னுங்க சகுனம் வேணும்?”

பெரியத்தை யோசித்தார். “அதுவும் சரிதான் அம்மணி” என்றார்.

வண்டி கிளம்பியது. தெரு முழுக்க பஜ்ஜி வாசம். டிபனுக்குப் பஜ்ஜியா என்று பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆவலாகக் கேட்டார்.

ஊர் திரும்பியபின் வண்டியைப் பிரித்தார்கள். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் அடைத்திருந்தன. எரியாத தேங்காயெண்ணெய் கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலைக் கருப்பட்டிப் பாகாக்கியிருந்தது. தேயவே தேயாது என்று நான் சொன்ன எஞ்சின் தேய்ந்து, இன்றும் நிற்கும்போது கடகடவென்று பல்லைக் கடிக்கிறது. மைலேஜும் குறைந்துதான் போயிருந்தது, மலையேறும் முன்பே. இப்போது கார்த்தி நல்ல டீசலும் அந்த வண்டிக்கென்று சொல்லப்பட்ட ஆயிலும் தவிர வேறெதையும் அருகில் விடுவதில்லை. நான் ஏதாவது யோசனை சொன்னால், “பாக்கலாமுங்க மாமா” என்கிறான். அர்த்தம் எனக்குப் புரிந்துவிடுகிறது.

அலுவலகத்தில் அந்தத் துணுக்கின் மூலப் பிரதியைத் தேடி எடுத்தேன். கடைசி வரி: ‘குளிர்ப் பகுதிகளில் எண்ணெய் உறைந்துவிடும் என்பதால் இது அங்கே உதவாது.’ இடம் போதவில்லையென்று அதைச் சிவப்பு மையில் அடித்திருந்தது நான்தான். (இதை மாமனார் வீட்டில் யாரும் இன்னும் அறியார்.)

அந்த வீட்டுக் குளியலறையில் இன்று ஒரு தேங்காயெண்ணெய்ப் பாட்டில் இருக்கிறது. அதில் கௌசல்யா ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள்: ‘தலைக்கு மட்டும்.’ பாட்டில் தீர்ந்தால் அடுத்ததிலும் ஒட்டுகிறாள். வரும் விருந்தாளிகள் காரணம் கேட்கிறார்கள், கதை முதலிலிருந்து சொல்லப்படுகிறது. கீழே சின்ன எழுத்தில் எனக்கென்றே இன்னொரு வரி உண்டு: ‘அண்ணன் கவனத்துக்கு.’

கடைசி வரியை வெட்டுவது என் தொழில். இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.