முப்பத்தொண்டு அண்ணையின் பதினேழு தாய்மார்

உயிரோடு இருக்கிறவர்களுக்குத் தொல்லை கொடுப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செத்துப்போனவர்களையும் நிம்மதியாக இருக்க விடாத மனிதர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். டோர்ட்மண்டில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினொரு வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று படுக்கை விரிப்பு மடித்தவர். ஊரெல்லாம் அவரை முப்பத்தொண்டு அண்ணை என்றே அழைத்தது. திருமுழுக்குப் பெயர் என்று ஒன்றும் இருந்தது. அதை அவருடைய மனைவி ரீற்றா அக்கா கோபம் வந்தால் மட்டும் பயன்படுத்துவார்.

பட்டப்பெயருக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கத்தோலிக்க ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் பூசை வைத்து, மண்டபத்தில் சாப்பாடு போட்டு, நினைவுமலர் என்று ஒரு புத்தகம் அச்சடித்துக் கொடுப்போம். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், அடுத்து ஒரு கண்ணீர்க் கவிதை, பிறகு ஏழெட்டுப் பக்கத்துக்கு இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் மைத்துனன் என்று வம்சம் முழுக்க வரும். கவிதையை ஒருவரும் வாசிப்பதில்லை. தங்கள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அண்ணை மட்டும் அட்டையிலிருந்து அட்டை வரை வாசிப்பார். செத்தவீட்டுக்கு வராவிட்டாலும் முப்பத்தொன்றுக்குத் தவறமாட்டார். இரண்டு பிரதி கேட்டு வாங்குவார். மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "உங்கட மலரில பதினோராம் பக்கம் பிழை. செத்தவருக்கு ஒரு மச்சாள் குறையுது" என்பார். அழுது களைத்துப் போயிருக்கிற வீட்டுக்காரர் என்ன சொல்வது? போய் எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு மச்சாள் குறைவாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்டவர், ரீற்றா அக்கா திடீரென்று போனபோது, ஒரு மலரும் போடவில்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை என்று என்னிடம் சொன்னார். நாங்கள் பூசைக்குப் போனோம், சாப்பிட்டோம், தோளைத் தட்டினோம், அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். நாலு மாதம் கழித்து அவருடைய வாஷிங் மெஷின் பழுதாகிவிட்டது. புதியதை நாலாம் மாடிக்குத் தூக்க ஆள் வேண்டும் என்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை வளைக்க முடியாது. உண்மையாகவே நாரிப்பிடிப்புத்தான், ஆனாலும் அந்த நாரி இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. தெருவில் போன இரண்டு பேர், வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக, மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். மோர்மன் சபைக்காரர்கள்.

பிறகு நடந்ததைச் சொல்லவா வேண்டும். அவர்கள் வந்தார்கள், சாப்பாடு கொண்டுவந்தார்கள், அவர் அழுதபோது கூட இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புருசன் பெண்சாதி என்பது சாவுக்குப் பிறகும் நிலைக்கும், அதற்கென்று தங்கள் கோயிலில் ஒரு சடங்கு இருக்கிறது, இறந்த மனைவியோடும் அதைச் செய்யலாம் என்று சொன்னார்கள். நான் சண்டைக்குப் போனபோது அண்ணை அமைதியாகச் சொன்னார்: "எங்கட ஆக்கள் சாகுமட்டும் எண்டுதானே எழுதித் தந்தவை. இவை அதுக்கு அங்காலையும் தாறம் எண்டினம்."

ஜெர்மனியில் எங்கள் மாநிலத்தில் கத்தோலிக்கத்தை விட்டு விலகுவதற்கு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதற்கும் டெர்மின், அதாவது முன்கூட்டியே நாள் நேரம், எடுக்க வேண்டும். அண்ணை எடுத்தார், போனார், கையெழுத்து வைத்தார். அதைக்கூட எங்கள் ஆட்கள் தாங்கிக்கொண்டார்கள். ஒரு நாளைக்குப் பதினாலு தேத்தண்ணி குடித்த மனிதர் மார்க்கத்துக்காகத் தேத்தண்ணியை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டபோதுதான் பாடகர் குழுவில் இரண்டு பேர் அழுதார்கள்.

எனக்கு வேறு ஒன்று பொறுக்கவில்லை. அவர்களுடைய சபைத் தலைவருக்கு ஆயர் என்று பெயர். எங்கள் ஆயர் வந்தால் வெடி கொளுத்தி, மாலை போட்டு, பாண்டு வாத்தியத்தோடு கூட்டிவருவோம். இவர்களுடைய ஆயர் ஹீட்டர் திருத்துகிறவர். நீலக் களிசானும் கையில் துளைபோடும் மெஷினுமாக அண்ணை வீட்டுச் சுவரில் அலுமாரி பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் நான் அவரை முதன்முதலில் பார்த்தேன். வணக்கம் சொல்வதா, ஏணியைப் பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஏணியைப் பிடித்தேன்.

வினை அதற்குப் பிறகு வந்தது. இறந்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர் ஒருவர் தண்ணீரில் முங்கித் திருமுழுக்குப் பெறலாம் என்பது அவர்களின் நம்பிக்கை. அதற்காக ஒவ்வொருவரும் தன் வம்சத்தில் இறந்தவர்களின் பெயர்களைத் தேடிக் கொடுக்க வேண்டும். ஜெர்மன்காரர்கள் பழைய பதிவேடுகளைக் கிளறி வருடத்துக்கு இரண்டு பெயர் கண்டுபிடித்துச் சந்தோசப்படுகிற இடத்தில், எங்கள் அண்ணை இரண்டு பை நிறைய நினைவுமலரோடு போய் இறங்கினார்.

ஒரு முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில், வடையைக் கடித்துக்கொண்டே என்னிடம் அந்த நல்ல செய்தியைச் சொன்னார். என் அப்பாவுக்கும் அந்த முழுக்கை முடித்துவிட்டாராம். என் அப்பா ஊரில் முப்பது வருடம் கோயில் மூப்பராக இருந்தவர். காய்ச்சலோடும் ஞாயிறு பூசைக்குப் போனவர். "ஆரையோ விட்டு முக்கினனான் எண்டு நினையாதை தம்பி. நான்தான் முங்கினனான். அவருக்கு வேறை ஆளை விடுவனோ?" என்றார். நான் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டேன்.

எங்கள் பாதர் மன்னார்க்காரர், நிதானமானவர். அவர் எனக்கு விளக்கினார். தந்தை, மகன், தூய ஆவி என்ற சொற்கள் ஒன்றாக இருந்தாலும் மூவரும் ஒரே கடவுள் என்று நாங்கள் நம்புவதுபோல அவர்கள் நம்புவதில்லை. அதனால் அவர்களுடைய முழுக்கைத் திருச்சபை திருமுழுக்காகக் கொள்வதில்லை. அப்பாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அண்ணை குளித்திருக்கிறார், அவ்வளவுதான் என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. அன்றையிலிருந்து மண்டபத்தில் மலர்களை அலுமாரியில் பூட்டி வைத்து, அண்ணையின் தலை தெரிந்தால் திறப்பை ஒளித்தோம்.

கடைசியில் அவரை நிறுத்தியது நாங்களில்லை, அந்தச் சபைக்காரர்கள்தான். சொந்த வம்சத்தின் பெயர்களை மட்டும் கொடுங்கள் என்பது அவர்களின் விதி. பட்டியலைச் சரிபார்த்தவர், அண்ணைக்குப் பதினேழு தாய்மார் இருப்பதைக் கண்டு திகைத்துப்போய், மிகவும் மரியாதையாக விளக்கம் கேட்டிருக்கிறார். விளக்கம் எனக்கும் தேவைப்பட்டது. என் அப்பாவின் பெயருக்கு நேரே தகப்பன் என்று எழுதியிருந்தார்.

"ஏன் அண்ணை அப்பிடி எழுதினனீங்கள்?"

"நீ என்னை என்னெண்டு கூப்பிடுறாய்?"

"அண்ணை எண்டு."

"அப்ப உன்ர அப்பா எனக்கு ஆர்?"

அவர் அக்கா என்று கூப்பிட்ட பெண்களின் தாய்மார்தான், பெற்ற தாய் போக மற்றப் பதினாறு பேரும். அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கோபத்தில் எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

மூன்று வருடம் நாங்கள் இருவரும் அருகருகே நின்று பேசாமல் விரிப்பு மடித்தோம். பிறகு அவருக்கு நெஞ்சில் சிக்கல் வந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். எழும்புவாரோ தெரியாது என்பதை டாக்டர் மறைக்கவில்லை. ஞாயிறு மாலை எனக்குத் தொலைபேசி வந்தது.

"தம்பி, ரீற்றா என்னோட கதைக்கிறாள் இல்லை."

கனவில் வருகிறாராம், கதிரையில் இருக்கிறாராம், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். நான் ஏதோ சொல்லித் தேற்றப் பார்த்தேன். அவர் விடவில்லை. அக்காவோடு தான் செய்துகொண்ட அந்தச் சடங்கில் ஒரு விசயம் இருக்கிறது என்றார். பூமியில் எதைச் செய்தாலும், இறந்தவர் மறுவுலகில் ஓம் என்று ஏற்றால்தான் செல்லும்.

"ரீற்றா ஓம் எண்டிருப்பாள் எண்டு நினைக்கிறியோ? செபமாலையைக் கையில சுத்திக்கொண்டு படுத்தவள். ஏலாது எண்டிருப்பாள். அப்ப அவள் அங்காலை, நான் இஞ்சாலை. சேர்த்து வைக்கிறன் எண்டு போய் நானே பிரிச்சுப்போட்டன்."

ஆகவே வியாழனுக்கு முன் திரும்ப வேண்டும். விலகல் கடிதம் மூன்று கிழமையாக மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, கையெழுத்து மட்டும் பாக்கி. ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "கோவிச்சாங்களெண்டா விட்டிட்டு வரலாம், தம்பி. இவங்கள் சூப்போட வாறாங்கள்" என்றார். எனக்கு அந்த நாரிப்பிடிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பாதர் வருவதாக ஏற்பாடு. பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், மீளச் சேரும் படிவம், நோயாளிக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதல் எல்லாம் ஒரே இருப்பில். சாட்சிக் கையெழுத்துக்கு நான். மூன்றரைக்கே போனேன். கதவைத் திறந்தவர் மோர்மன் ஆயர். ஹீட்டர் சூடாகவில்லை என்று அண்ணை போன வாரம் சொன்னாராம், ஆபரேஷன் முடிந்து வருகிறவர் குளிரில் கிடக்கக்கூடாது என்று அதற்குள் அடைபட்ட காற்றை எடுக்க வந்திருந்தார். அண்ணை கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்து முழித்தார்.

அந்த அரை மணித்தியாலத்தை நான் மறக்கமாட்டேன். ஆயர் முழங்காலில் நின்று திருகாணி திருகுகிறார். மேசையில் கடிதம் திறந்தபடி கிடக்கிறது. நான் அதன்மேல் செய்தித்தாளை வைத்தேன், அவருக்கு ஹீட்டர் திருகும் சாவியை வைக்க இடம் தேவைப்பட்டு செய்தித்தாளை எடுத்தார், நான் என் தொப்பியை வைத்தேன். இரண்டு அறையும் முடிய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டேன். நாலேகாலுக்கு முடியும் என்றார். நாலு மணிக்கு ஒரு நிமிடம் இருக்க வாசல் மணி அடித்தது. பாதர் நேரம் தவறாதவர்.

பாதர் அங்கியோடும் எண்ணெய்ச் சிமிழோடும் உள்ளே வந்தார். ஆயர் எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கை கொடுத்தார். ஆயர் சிமிழைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், பிறகு என் தொப்பியைப் பார்த்தார். அதன் கீழிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளில் அவருடைய பெயர் இருந்தது. இது எனக்கா என்று ஜெர்மனில் கேட்டார்.

அண்ணை தலையாட்டினார். ஆயர் வாசித்தார். மூன்று வருடக் கோபத்தோடு நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நீங்கள் கையெழுத்து வைத்தால் நானே அனுப்பிவிடுகிறேன் என்றார். பொய் சொல்லமாட்டேன், எங்கள் நம்பிக்கையின்படி மனைவியோடு செய்த பிணைப்பும் இதோடு விலகும், அதை யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அண்ணை பாதரைப் பார்த்தார். பாதரும் பொய் சொல்லவில்லை. மறுவுலகில் கலியாணம் என்று ஒன்று எங்கள் போதனையில் இல்லை, ஆனால் ரீற்றாவுக்காக நாங்கள் செபிப்பதை ஒருநாளும் நிறுத்தவில்லை என்றார்.

அண்ணை பேனையை எடுத்தார். தாளில் வைத்தார். பேனை நகரவில்லை.

"ஓம் எண்டிருந்தாளெண்டா?" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை.

"எனக்காக எண்டு நினைச்சு, பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓம் எண்டிருந்தாளெண்டா? நான் இதை விட்டிட்டு வர, அவள் அங்கை தனிய நிப்பாள்."

வியாழன் வரப்போகிறது, இந்த மனிதர் பேனையைக் கீழே வைத்துவிடுவார் என்று பயந்து, வாயில் வந்ததைக் கேட்டேன். "அக்கா ஒருநாளாவது நீங்கள் சொன்னதைக் கேட்டவவோ, அண்ணை?"

அவர் நியாயமாக யோசித்தார்.

"ஒருக்காக் கேட்டவள். ஜெர்மனிக்கு வா எண்டு கூப்பிட, தாயை விட்டிட்டு வந்தவள்."

கேட்டிருக்கக்கூடாத கேள்வி. பேனை தாளிலிருந்து எழும்பியது. அப்போது பாதர் கட்டிலில் அவர் பக்கத்தில் போய் இருந்தார்.

"ஒருக்கா உங்களுக்குப் பின்னால வந்தவ. நீங்கள் திரும்பினா, திரும்பவும் வரமாட்டாவோ?"

அண்ணை பாதரின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். ரீற்றா அக்கா கோபத்தில் கூப்பிடுகிற அந்தப் பெயர். ஆயர் கடிதத்தை மடித்து நீலச் சட்டைப் பைக்குள் வைத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். இன்னும் ஒரு ஹீட்டர் பாக்கி என்று சொல்லிவிட்டு மற்ற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாதர் எண்ணெய் பூசி முடிக்கும்வரை அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. படியிறங்கும்போது பாதர் என் கையைப் பிடித்து, நான் சொன்னது எந்த மறைக்கல்விப் புத்தகத்திலும் இல்லை, ஆயரிடம் சொல்லிவிடாதே என்றார். எங்கள் ஆயரைச் சொன்னார்.

ஆபரேஷன் சுகமாக முடிந்தது. கண் விழித்ததும் தேத்தண்ணி கேட்டார். அதன் பிறகு இரண்டு வருடம், ஒரு நாளைக்குப் பதினாலு என்ற கணக்குக் குறையாமல் வாழ்ந்தார். ஹீட்டர்க்கார ஆயர் மாதமொருமுறை வந்து வெறும் சுடுதண்ணியோடு எதிரே இருந்துவிட்டுப் போவார். ரீற்றா அக்கா கனவில் பேசினாரா என்று ஒருமுறை கேட்டேன். பேசுகிறாளாம், குறைதான் சொல்கிறாளாம். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

போன தைமாதம் அவர் போனார். இரண்டு பேருக்குமாக ஒரே மலரை நான் எழுதினேன். உடன்பிறப்புகள் என்ற இடத்தில் எழுத ஒருவரும் இல்லாததால் என் பெயரை எழுதினேன். எப்படியோ தெரிந்துவிட்டது. திறப்பை ஒளித்தவர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்து, தங்கள் பெயரையும் போடச் சொன்னார்கள். இரண்டு பக்கம் வந்தது. இவ்வளவு பேரும் கூடப்பிறந்தவர்களா என்று அச்சகக்காரர் கேட்டார். ஓம் என்றேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்த மறுநாள் காலை, பழக்கத்தில் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோராம் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு மச்சாளை விட்டிருந்தேன். ஒருவரும் தொலைபேசி எடுக்கவில்லை.