முருகேசனின் பையை நான் ஏலம் விட்ட கதை

மைக்கைக் கையில் வாங்கியதும் மூளையைக் கழற்றி வைத்துவிடும் மனிதர்கள் உண்டு. நானும் அந்த ரகம்தான் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே பார்த்துக்கொண்டிருக்கக் கண்டுபிடித்தேன். அன்று நான் விற்கக்கூடாத ஒரு பொருளை விற்றேன். அதுவும் நல்ல விலைக்கு.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கோலார் தங்க வயலில் பாதிப் பேரைப் போல நானும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய், இருட்டியபின் வீடு திரும்புகிறவன். ஒரு கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதாவது, இருபது பேரை உட்காரவைத்து நாள் முழுக்கப் பேசுவது. அவர்களால் எழுந்து போக முடியாது. (இதைத்தான் என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

ரயிலில் கடைசிப் பெட்டி எங்களுடையது. தினமும் அதே முகங்கள், அதே இடங்கள். ஜேக்கப் அண்ணன் பெட்டிக்குத் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரே ஆகிவிட்டார். விமலா அக்கா பெங்களூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவர். பத்து ரூபாய் வேர்க்கடலைப் பொட்டலத்துக்கு பங்காருபேட்டையில் ஆரம்பிக்கும் பேரத்தை மாலூர் வரை நடத்துவார். இறங்கும்போது கடலைக்காரர்தான் களைத்திருப்பார். கதவோரம் நின்றபடி வருகிறவர் முருகேசன், பிளம்பர். 'கொஞ்சம் தள்ளிக்கோங்க' என்பதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

சில நாட்களாக முருகேசன் நின்ற இடம் காலியாக இருந்தது. அவருடைய ஆறு வயது மகள் நிலாவுக்கு ரத்தப் புற்றுநோய், பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அம்மா கூட இருக்கிறாள் என்று மெல்லத் தெரிந்தது. பெட்டியில் யாரும் அதைப்பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து ஜேக்கப் அண்ணன் மட்டும் சொன்னார்.

"சர்ச்ல அறுப்புப் பண்டிகைக்கு ஏலம் வுடறோம்ல, அதே மாரி ஒண்ணு போடலாம். ஆளுக்கு வூட்டுலேர்ந்து ஒரு சாமான் எடுத்தாந்துடுங்க. ஏலம் யாரு வுடறது?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போயிருந்தது.

எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் ஒரு பழைய கூடத்தைப் பிடித்தோம். ஞாயிறு காலை மேஜை நிறைய சாமான்கள். பூசணிக்காய்கள், வீட்டில் சுட்ட கேக், கால் கட்டிய ஒரு சேவல், கல்யாணத்துக்கு வந்து பன்னிரண்டு வருடமாகப் பிரிக்கப்படாத டின்னர் செட், தன் அப்பா சுரங்கத்தில் போட்டிருந்தது என்று ஒருவர் கொண்டுவந்த ஹெல்மெட். ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் எழுதிய சீட்டு கட்டியிருந்தது. அதைப் பட்டியல் எழுதி வைத்திருந்தார் ஜேக்கப் அண்ணன். எங்கள் பெட்டியில் முப்பது பேர்தான் இருப்போம். கூடத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். மற்ற பெட்டிக்காரர்களுக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

முருகேசனும் வந்திருந்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் மனைவிக்குப் பதிலாக அவர் இருக்க வேண்டும். அதற்குள் ஒரு பத்து நிமிஷம் தலைகாட்டச் சொல்லி ஜேக்கப் அண்ணன் வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தார். வந்தவர் உட்காரவில்லை. பெஞ்சு தூக்கினார், தண்ணீர் பிடித்தார். பிறகு கடைசி வரிசையில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

நான் ஆரம்பித்தேன். ஒரு எலுமிச்சம்பழம் எழுநூறு ரூபாய்க்குப் போனது. வாங்கியவர் பணத்தை உண்டியல் பெட்டியில் போட்டுவிட்டு, பழத்தைத் திரும்ப மேஜையில் வைத்து, "மறுக்கா வுடுப்பா" என்றார். அந்த ஒரே பழத்தை ஒன்பது தடவை விற்றேன். இது எங்கள் ஊர் ஏலங்களில் சகஜம்தான். ஆனால் ஒன்பது தடவை போனதற்கு என் வாய்தான் காரணம் என்று உண்மையாகவே நம்பினேன். பூசணிக்காய்க்கு வம்சாவளி சொன்னேன். சேவலுக்குக் கவிதை சொன்னேன். ஜனங்கள் சிரித்தார்கள், கை தூக்கினார்கள். அவர்கள் கை தூக்கியது கடைசி வரிசையில் இருந்த மனிதருக்காக என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் விளங்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் மேஜை காலி. எனக்கோ நிறுத்த மனமில்லை. அப்போதுதான் மேஜை ஓரத்தில் அந்தப் பழுப்பு ரெக்சின் பை கண்ணில் பட்டது. சீட்டு எதுவும் இல்லை. பெயர் சொல்ல விரும்பாத ஏதோ ஒரு வள்ளல் என்று முடிவு கட்டினேன். (யோசிக்க இரண்டு விநாடி எடுத்துக்கொண்டேன். என் அன்றைய நிலைமைக்கு அதுவே அதிகம்.)

"கடைசியாக ஒரு மர்மப் பை" என்று அறிவித்தேன். "உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. கனமாக இருக்கிறது. கேளுங்கள்."

மைக்குக்கு நேராகப் பிடித்துக் குலுக்கினேன். உள்ளே ஏதோ கடகடவென்றது.

ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் டில்லி பாபுவுக்கு அந்தச் சத்தம் வெள்ளிச் சாமான் போலக் கேட்டிருக்க வேண்டும். "ஐந்நூறு" என்றார்.

"ஆயிரம்" என்று இன்னொரு குரல். விமலா அக்கா.

நான் விடுவேனா? "சபையோரே, குடை இருக்கிறவர்கள் எடுத்து வையுங்கள். விமலா அக்கா பர்ஸைத் திறந்துவிட்டார்" என்றேன். கூடம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. என்னையே முறைத்துக்கொண்டு நின்றார். ஏல வெறி என்று நினைத்தேன். டில்லி பாபு ஏற்ற, அக்கா ஏற்ற, நான் நடுவில் நின்று இருவரையும் உசுப்பேற்ற, பை நாலாயிரத்து ஐந்நூறுக்கு அக்காவிடம் முடிந்தது.

மேடைக்கு வந்து பையை வாங்கியவர், "போதும் தம்பி, மைக்க கீழ வை. வாய் நோவும்" என்றார்.

அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் மைக்கில் சொன்னேன்.

கூட்டம் கலைந்துகொண்டிருக்கையில் ஜேக்கப் அண்ணன் பட்டியலோடு வந்தார். "ஸ்டீபா, இதுல ரெக்சின் பையே இல்லியே. யாரு குடுத்தது?"

பக்கத்தில் பெஞ்சு அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "பழுப்புப் பையா? அது முருகேசனுது. பெஞ்சு தூக்கச் சொல்லோ மேஜ மேல வெச்சாரு. பாப்பா ரிப்போர்ட்டு, ஸ்கேனு எல்லாம் அதுலதான் கீது. நாளைக்கி டாக்டர் கேட்டிருக்காராம்."

இன்னும் கையில் இருந்த மைக்கைக் கீழே வைத்தேன்.

முருகேசனைத் தேடினேன். காணோம். விமலா அக்காவைத் தேடினேன். காணோம். போன் அடித்தேன், யாரும் இல்லாத ஒரு நாற்காலியில் இருந்த கைப்பைக்குள் அது பாட்டுப் பாடியது. அடுத்து நான் செய்ததுதான் என் வாழ்க்கையின் உச்சம். பெட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், 'குழந்தை நிலாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இருந்த பழுப்பு நிறப் பையைக் காணவில்லை. எடுத்தவர்கள் தயவுசெய்து கூடத்தில் ஒப்படைக்கவும்' என்று எழுதி அனுப்பினேன். எடுக்கவைத்தவன் நான்தான் என்பதை எழுத இடம் போதவில்லை.

அனுப்பிவிட்டு ஜேக்கப் அண்ணனின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊரிகத்துக்குப் பறந்தேன். அங்கே சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய லைன் வீடுகளில் மூன்றாவது வரிசையில் விமலா அக்கா வீடு. அவர் கணவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா இருக்காங்களா?"

"அவ காலைலயே ஏலத்துக்குப் போயிட்டா. இன்னா விசயம்?"

"ஏலத்தில் எடுத்த பையை வீட்டுக்குக் கொண்டுவந்தாங்களா?"

"அவ ஏலம் எடுத்தாளா? எவ்வளவுக்கு?"

"நாலாயிரத்து ஐந்நூறு."

பேப்பரை மடித்து வைத்தார். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, நீ வேற யாரு வூட்டுக்கோ வந்துட்ட" என்றார்.

திரும்பி வந்தபோது கூடத்தின் வாசலில் வரிசை நின்றது. என் செய்தி எங்கள் பெட்டியை விட்டு எல்லாப் பெட்டிகளுக்கும் போய், அங்கிருந்து ஊர் முழுக்கப் போயிருந்தது. ஆளுக்கொரு பையோடு வந்திருந்தார்கள். ஒருவர் பஸ் ஸ்டாண்டில் கிடந்த பையோடு வந்திருந்தார். ஒரு ஆட்டோக்காரர், எப்போதோ யாரோ விட்டுப்போன வெங்காயப் பையை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தார். ஓர் அம்மா பச்சை நிறப் பையை நீட்டி, "இது பழுப்பு இல்லதான். ஆனா ஒருவேள நீங்க கலர் தப்பா சொல்லிருந்தா" என்றார். யாருமே கோபப்படவில்லை. குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். கொண்டுவந்தது அந்தப் பை இல்லை என்று தெரிந்தபின் பெரும்பாலோர் சும்மா திரும்பிப் போகவுமில்லை. வாசலில் இருந்த உண்டியல் பெட்டியில் எதையோ போட்டுவிட்டே போனார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

அங்கே விமலா அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தவர்களுக்கு எலுமிச்சம்பழச் சோறு செய்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கல்லில் முருகேசன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் பழுப்பு ரெக்சின் பை.

"எங்க போன நீ? உன்னைத்தான் எல்லாரும் தேடறாங்க" என்றார் அக்கா.

மேடையிலிருந்து வாங்கிய பையை அக்கா நேரே பின்வழியாகக் கொண்டுவந்து முருகேசனிடம் கொடுத்துவிட்டு அண்டாவைக் கையில் எடுத்திருக்கிறார். நான் ஊரிகத்துக்குப் பறந்த நேரமெல்லாம் பை அங்கேதான் இருந்தது.

"தெரிஞ்சேவா ஏலம் கேட்டீங்க?"

"பின்ன? ஸ்கேன் கவர் இம்மாம் பெருசா வெளிய நீட்டிக்கினு கீது. உன் கண்ணுக்குத்தான் தெரியல."

"அது முருகேசன் பைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. நான் நிறுத்தியிருப்பேனே."

அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, முருகேசனுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "சொன்னா, எல்லாரும் திரும்பி அவரப் பாப்பாங்க. அவரு எழுந்து வந்து வாங்கிக்கணும். நீ மைக்குல ஒரு ஜோக்கு சொல்வ. அந்த ஆளு இன்னிக்கி உள்ள வந்து நின்னதே பெரிய விசயம் தம்பி. மத்தவங்க முன்னால கை நீட்டறது லேசு இல்ல. அதான் வாங்கிட்டேன். அந்தப் பாத்திரக்கடைக்காரன் நடுவுல பூந்துட்டான், இல்லன்னா ஆயிரத்துல முடிச்சிருப்பேன்."

பங்காருபேட்டையிலிருந்து மாலூர் வரை பேரம் பேசுகிற மனுஷி. பல்லைக் கடித்துக்கொண்டு, நான் செய்த கேலியையும் வாங்கிக்கொண்டு, விலையை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்.

முருகேசனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் பையை நான் குலுக்கும்போது ஏன் சும்மா இருந்தீர்கள் என்றும் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாரும் எங்க பாப்பாவுக்காக இவ்ளோ பண்றாங்க. அதுல போயி 'அது என் பை'ன்னு கேட்டா நல்லாருக்காதுன்னு நெனச்சேன் சார். யாரு எடுக்கறாங்களோ, அப்பால அவங்க வூட்டுக்குப் போயி ரிப்போர்ட்டு மட்டும் வாங்கிக்கலாம்னு இருந்தேன்." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள சத்தம் போட்டது பாப்பாவோட கலர் பென்சிலு" என்றார்.

இன்னொரு பாவத்தையும் அக்காவிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. "அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்ட விலையைச் சொல்லிட்டேன்."

"அத வேற சொல்லிட்டியா" என்று அண்டாவுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

சொல்லி வாய் மூடவில்லை, அவர் கணவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நான் இரண்டடி பின்னால் போனேன். வந்தவர் பையை மடியில் வைத்திருந்த முருகேசனைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். வாசலில் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அக்காவுக்கு எதிரில் குந்தி, அண்டாவின் மறுபக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"சொல்லிருந்தா ஐயாயிரமா ரவுண்டா முடிச்சிருக்கலாம் இல்ல" என்றார்.

முருகேசன் அன்று சாயங்காலம் பையோடு பெங்களூருக்குப் போனார். சிகிச்சை மூன்று வருடம் நடந்தது. நடுவில் இரண்டு தடவை பயந்த வாரங்களும் உண்டு. அப்போதெல்லாம் கடைசிப் பெட்டியில் கடலைக்காரர்கூடச் சத்தம் போடாமல் நடப்பார். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏலம் நிற்கவில்லை. வேறு வேறு குழந்தைகளுக்காக வருடம் ஒன்றாவது நடக்கிறது. எந்தக் குழந்தைக்கென்று மைக்கில் சொல்வதில்லை, பெற்றோரை வரச்சொல்வதுமில்லை. அந்த இரண்டும் விமலா அக்கா போட்ட சட்டம். மூன்றாவது சட்டம் என்னைப் பற்றியது. மேஜையிலிருந்து பத்தடிக்குள் நான் வரக்கூடாது. எனக்கு அண்டா ஒதுக்கப்பட்டிருக்கிறது. இப்போது நன்றாகவே தேய்க்கிறேன்.

எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மேஜைமேல் வைத்தால், என் மனைவி அதன்மேல் ஒரு சீட்டில் பெயர் எழுதி ஒட்டிவிடுவாள். "நீங்க வீட்ல இருக்கீங்க இல்ல" என்பாள்.

போன மாதம் முருகேசன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நிலாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. முடி தோள்வரை வளர்ந்திருக்கிறது, அப்பாவுக்கும் சேர்த்துப் பேசுகிறாள். முதுகில் ஒரு பை. உட்கார்ந்தபோதும் கழற்றவில்லை. சாப்பிடும்போதும் கழற்றவில்லை.

"பைய இறக்கி வெச்சிட்டுச் சாப்பிடு கண்ணு" என்றேன்.

"வேணா மாமா" என்றாள். "அப்பா சொல்லித்தான் கூட்டினு வந்தாரு. நீங்க வித்துடுவீங்களாம்."