பத்துக்கு எட்டு அளவில் ஒரு நிரபராதி

ஒருவரின் நேர்மையைப் பத்தடிக்கு எட்டடி என்று துல்லியமாக அளந்து காட்டிய பெருமை, உலகத்திலேயே கோவை செம்பருத்தி அடுக்ககத்துக்கு மட்டும்தான் உண்டு.

அங்கே ஏழு வருஷமாக வீட்டுவேலை செய்தவள் விமலாராணி. மூன்றாம் மாடி ராமாமணியம்மாளின் தங்கச் செயின் ஒருநாள் காணாமல் போனது. குடியிருப்போர் சங்கம் முழுமையான 'விசாரணை' நடத்தியது. ஆறு நிமிஷம். 'இவரை உள்ளே விடாதீர்கள்' என்ற வாசகத்தோடு விமலாராணியின் போட்டோ கேட்டில் ஏறியது.

இருபதாம் நாள் மெக்கானிக் வந்து ராமாமணியம்மாளின் வாஷிங் மெஷினைக் கழற்றினார். செயின் வெளியே வந்து சாட்சி சொன்னது.

சங்கம் விமலாராணியைக் கூட்டத்துக்கு அழைத்தது. தலைவர் கண்ணையா எழுந்து கைகூப்பினார்.

"சங்கம் உங்களை மன்னிச்சுப்போட்டதுங்க அம்மணி."

"நாந்தான் ஒண்ணுமே பண்ணலீங்களே?"

"அதனாலதானுங்க மன்னிக்கறது சுலபமாப் போச்சு."

"ஏனுங்க, அந்தப் போட்டோவை மட்டும் எடுத்துப்போடுங்க. எம்புள்ள ஜோஸ்லின் அந்தக் கேட்டு முன்னாலதான் ஸ்கூல் வேன் ஏறுது. தெனமும் தலை குனிஞ்சுட்டே நிக்குதுங்க."

"சும்மா எடுத்துட்டா எப்படி விமலா? உன் நேர்மை நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?" என்று ராமாமணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

திங்கட்கிழமை காலை கேட்டுக்கு மேலே பத்தடிக்கு எட்டடி பிளெக்ஸ் நின்றது. அதே போட்டோ, ஆளுயரத்துக்கு. பக்கத்தில் சிவப்பில், 'இவர் திருடவில்லை!' கீழே, பிளெக்ஸ் மரபுப்படி, 'இவண்' என்று போட்டு நிர்வாகிகள் எட்டுப் பேரின் படங்கள், கைகூப்பியபடி. அந்த எட்டில் ஒருத்தியாக ராமாமணியம்மாள் செயினோடு சிரித்தாள். அந்த எட்டுப் பேரும் நேரிலும் வந்து, பிளெக்ஸின் அடியில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வேன் வந்தது. ஜோஸ்லினோடு படிக்கும் ஷ்ரவ்யா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"ஏய் ஜோஸ்லின், உங்கம்மாடி! எதைத் திருடலையாம்?"

வேனே சிரித்தது. விமலாராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இருபது நாளுக்கும் மேலாகக் குனிந்திருந்த ஜோஸ்லின் அன்றைக்குத்தான் நிமிர்ந்தாள். பிளெக்ஸை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"எங்கம்மா திருடலைன்னு எழுதியிருக்குதில்ல? கீழ எட்டுப் பேர் இருக்காங்க பாரு. அவங்களைப் பத்தி ஒண்ணுமே எழுதலை."

வேன் இன்னும் பலமாகச் சிரித்தது. எட்டுப் பேரும் அப்போதுதான் பிளெக்ஸை முதல்முறையாகப் படித்தார்கள்.

சாயங்காலம் வேன் திரும்பியபோது கேட்டு வெறுமையாக இருந்தது. சங்கம் அவசரமாகக் கூடி ஒரு வரலாற்றுத் தீர்மானம் போட்டிருந்தது: 'மானமுள்ளவர்களின் படத்தை, ஆதாரம் இல்லாமல், நாலு பேர் பார்க்கும் இடத்தில் மாட்டுவது மாபெரும் அநியாயம்.'

தீர்மானத்தின் கீழே, பாதிக்கப்பட்டவர்கள் என்று எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.