மேற்குப் பள்ளியே சிறந்தது என்று நான் கண்டுபிடித்த விதம்

மதிப்பிற்குரிய லொரெய்ன் அண்ணிக்கு,

ஹேசல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் டெஸ்ஸும் நலம். வடக்கு டகோட்டாவில் குழாய் பதித்துக்கொண்டிருக்கும் உங்கள் தம்பியும், அலைபேசியில் சிக்னல் கிடைக்கிற நாட்களில், நலம் என்கிறார். அங்கே பனியும் உங்கள் முழங்கால் வலியும் சேர்ந்தே குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

டெஸ்ஸை ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளியில் சேர்க்கப்போகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். "அவ அம்மா உயிரோட இருந்திருந்தா நான் இதெல்லாம் கேக்கவே வேண்டியதில்ல" என்றும் சொன்னீர்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் புறநகரில் அரசு நடுநிலைப் பள்ளிகள் மூன்று: வடக்கு, மேற்கு, ஏரிக்கரை. எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் கேட்காவிட்டால் கல்வி அலுவலகத்தாரே ஒன்றில் போட்டுவிடுவார்கள். என் கவலை ஒன்றுதான். இந்த ஊருக்குக் குடிவந்ததிலிருந்து டெஸ் மத்தியானச் சாப்பாட்டை நூலகத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். புதுப் பள்ளியிலும் அப்படி ஆகிவிடக் கூடாது.

முதலில் இணையத்தில் தேடினேன். ஒரு தளம் வடக்குப் பள்ளிக்குப் பத்துக்கு எட்டு தருகிறது, இன்னொன்று நாலுதான் தருகிறது, மூன்றாவதற்குப் போனால் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதன் பக்கத்தில் ஒரு வீடு விற்பனைக்கு இருக்கிறது என்கிறது. பக்கத்து வீட்டு டார்லீனைக் கேட்டேன். "மேற்கா? என் கடைசிப் பையன் அங்கதான் படிச்சான். உருப்படவே இல்ல போ" என்றாள். அந்தப் பையன் அப்போது கூரை மேல் நின்று அவளுக்காகப் பனி தள்ளிக்கொண்டிருந்தான். தலையில் பாதி வழுக்கை. அவன் படித்த காலத்துப் பள்ளியும் இன்றைய பள்ளியும் ஒன்றா என்று எனக்குப் புரியவில்லை.

சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று டெஸ்ஸைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். திங்களன்று வடக்குப் பள்ளி. சொல்லக் கூடாது, ஒரே இரைச்சல், பிள்ளைகள் தாழ்வாரத்தில் ஓடுகிறார்கள், எங்கு பார்த்தாலும் ஈரக் காலணி நாற்றம். செவ்வாயன்று மேற்குப் பள்ளி. அலைபேசி காட்டிய வழியில் ஏதோ பின்தெரு வழியாகப் போனோம். வாசலில் துணியில் எழுதின பெயர்ப் பதாகை, எளிமையாக இருந்தது, எனக்குப் பிடித்துவிட்டது. உள்ளே என்ன அமைதி அண்ணி! காற்றே வேற மாதிரி இருந்துச்சு. இரண்டு பள்ளியிலும் நான் போன அன்றைக்குத் தக்காளி சூப்தான், ஆனால் மேற்கில் ருசி ஒரு படி மேல். நீளமான நரைமீசை வைத்த துப்புரவுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "மறுபடியுமா?" என்று சிரித்தார். வடக்கிலும் இதே மீசையோடு ஒருவர் இருந்தார், அண்ணன் தம்பியாக இருக்கும், நான் பள்ளி பள்ளியாகச் சுற்றுவது குடும்பத்துக்கே தெரிந்துவிட்டதே என்று கூச்சமாகப் போய்விட்டது. நோட்டில் பள்ளிக்கு மார்க் எழுதிக்கொண்டிருந்த என் முகத்தையே டெஸ் பார்த்தாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல ஹேசல். நீங்க எழுதுங்க" என்றாள்.

புதனன்று ஏரிக்கரை. நான் தலைமையாசிரியரிடம் தேர்வு முடிவுகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிள்ளையைக் காணோம்! கழிப்பறையில் இல்ல, விளையாட்டுக் கூடத்தில் இல்ல, கடைசியில் பார்த்தா சாப்பாட்டுக் கூடத்துல முன்பின் தெரியாத ஒரு பெண்ணோட தட்டுல கையை விட்டு உருளைக்கிழங்கு தின்னுக்கிட்டிருக்கா. மார்கோவாம் அவள் பேரு. இரண்டும் சிரிக்கிற சிரிப்பில் டெஸ்ஸுக்கு மூக்கு வழியாகப் பால் வந்துவிட்டது. கண்காணிப்பும் இல்லை, ஒழுங்கும் இல்லை. ஏரிக்கரையை அப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

ஆக, நன்கு ஆராய்ந்து, மேற்குப் பள்ளியையே கேட்டு இன்று காலை இணையத்தில் பதிந்துவிட்டேன். இனி உங்களுக்குக் கவலை வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எங்கள் இருவருக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
ஹேசல்

பி.கு.: உறையில் போடுமுன் டெஸ் இதை வாங்கிப் படித்தாள். மேற்குப் பள்ளியின் கூரை ஜனவரியில் பனி தாங்காமல் இறங்கிவிட்டதாம். அதிலிருந்து அவர்களும் வடக்குப் பள்ளியின் பின்கட்டில்தான் இருக்கிறார்களாம். நான் இரண்டு நாளும் பார்த்தது ஒரே கட்டடம். குடித்தது ஒரே சமையலறைச் சூப். "தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?" என்றேன். "நீங்க ரெண்டுக்கும் தனித்தனியா மார்க் போட்டுட்டு இருந்தீங்க. பாவமா இருந்துச்சு" என்றாள். கொஞ்ச நேரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்குல பால் வந்துச்சே, அந்த ஸ்கூல் கேட்டா தருவாங்களா?" என்றாள். இணையத்தில் மாற்றி ஏரிக்கரையையே கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. எனவே அண்ணி, மேலே உள்ளதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். நான் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதத்தான் இருந்தேன். "வேணாம், இப்படியே போகட்டும், அத்தை சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்று சொல்லி டெஸ்தான் உறையை ஒட்டுகிறாள்.