குடுக்கைக்குப் பொருள்

பெண் பார்க்க வந்தவர்கள் வேனில் ஏறும்போது, மாப்பிள்ளையின் அப்பா ராசாங்கம் செருப்பை மாட்டிக்கொண்டே "அவசரக்குடுக்கை" என்று பல்லைக் கடித்தது அழகேசனின் காதில் விழுந்துவிட்டது.

அழகேசன் பெரம்பலூரில் ஓர் ஆபீசில் தலைமை எழுத்தர். ஆறு மாதம் ஊறாமல் எந்தக் கோப்பும் அவர் மேசையை விட்டு நகர்ந்ததில்லை. அதற்கு நிதானம் என்று பெயரும் வைத்திருந்தார். கல்யாணத்தை மாசக் கடைசிக்குள் முடித்துவிடலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்கா இந்தப் பட்டம்? நாலு பஜ்ஜியைத் தின்றுவிட்டு, அதுவும் அவர் வாசலிலேயே?

"அவரு யாரச் சொன்னாரோ," என்றாள் மனைவி தனம்.

"அங்க வேற யாரு இருந்தா? மாப்பிள்ளப் பையன் பாவம், தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான்."

மறுநாள் காலையிலேயே தமிழாசிரியர் வீரமணியின் வீட்டுக்குப் போய் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டார். வாத்தியார் உற்சாகமாகிவிட்டார். தேங்காயையோ சுரைக்காயையோ உள்ளே குடைந்தெடுத்துச் செய்கிற ஏனம்தான் குடுக்கை. வாய் குறுகல். அவசரமாகக் கவிழ்த்தால் தண்ணீர் வராது, குபுக் குபுக்கென்று சத்தம்தான் வரும். அதிலிருந்து வந்த பெயராக இருக்கலாம்.

"இன்னொரு விளக்கமும் உண்டுங்க," என்று அவர் தொடங்கியபோது அழகேசன் தெருமுனையைத் தாண்டியிருந்தார். உள்ளே ஒன்றுமில்லாதவன். அவ்வளவு போதும்.

அன்றைக்கே அரியலூரில் ராசாங்கத்துக்குப் போன் போட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்றார். ராசாங்கம் ஏதோ சொல்ல வந்தார். அழகேசன் போனை வைத்துவிட்டார். பிறகுதான், நின்றுபோன கல்யாணம் என்று ஊர் பேசுமே என்ற கவலை வந்தது. நாலே நாளில் பாடாலூரில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவனைப் பேசி முடித்தார். அவன் போட்டோவைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஐந்நூறு பத்திரிகை அச்சாகி வந்தது. மாப்பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து குறைந்தது. பேனாவால் போட்டுக்கொண்டார்.

அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த மகள் வெற்றிச்செல்வி அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. "கொஞ்சம் பொறுங்கப்பா, ஒண்ணு சொல்லணும்," என்று மூன்று தடவை வந்து நின்றாள். அப்பாவிடமே நிதானம் பேசுகிறாளே என்று மூன்று தடவையும் விரட்டினார்.

முதல் பத்திரிகையை ராசாங்கத்தின் கையில் கொடுத்து, அந்த முகம் கறுப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அரியலூர் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி கொளஞ்சியம்மாள் நிமிர்ந்தாள்.

"வூட்ல யாருமில்லீங்க. மருமவள அழைச்சிட்டு வரப் பெரம்பலூரு போயிருக்காங்க. போன மாசமே தம்பியும் அந்தப் பொண்ணும் ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டாங்களாம். பொண்ணு பாத்துட்டு வெளிய வரையிலதான் தம்பி சொல்லுச்சாம், அங்க வாசல்லயே வச்சு ஐயா தம்பிய ஏசிப்புட்டாராமே."